என்விஎம்இ டிஸ்க் நான்கு, சேர்வர் ஒன்று: றெயிட் கார்ட் தேவையா?

வெள்ளவத்தையில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தின் கணினி வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, பழைய சேர்வரை மாற்றப்போகிறோம். 2 டிபி என்விஎம்இ டிஸ்க் நான்கு போட எண்ணம். உபுண்டு சேர்வர், அதில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், 25 பேர் பாவிக்கிற ஃபைல் ஷெயார். கடைக்காரர் றெயிட் கார்ட் ஒன்றையும் சேர்த்து விலை தந்திருக்கிறார். அது தேவையா? றெயிட் 5 போட்டால் 6 டிபி கிடைக்கும், றெயிட் 10 என்றால் 4 டிபிதான். எதைப் போடலாம்?"

தம்பி, கார்ட் வேண்டாம். றெயிட் 10 போடுங்கள். லினக்ஸிலேயே இருக்கும் எம்டிஆடம் என்ற றெயிட் மென்பொருளைக் கொண்டு போடுங்கள். கார்டுக்கு ஒதுக்கிய காசை நல்ல டிஸ்க்கிலும் யூபிஎஸ்ஸிலும் போடுங்கள். சுருக்கமான பதில் இதுதான். ஏன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

றெயிட் என்பது பல டிஸ்க்குகளை ஒரே டிஸ்க்போல இணைப்பது. அந்த யோசனை 1988இல் பேர்க்லி பல்கலைக்கழகத்தின் பற்றர்சன், கிப்சன், கட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையோடு பரவியது. பெரிய டிஸ்க் ஒன்றின் விலைக்கு மலிவான சின்ன டிஸ்க்குகள் பல வாங்கலாம், எல்லாம் ஒரேநேரத்தில் வேலை செய்தால் வேகமும் கிடைக்கும். ஆனால் எண்ணிக்கை கூடக் கூட ஏதாவது ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடும். அதற்காக உபரிப் பிரதி வைத்தார்கள். ஆக, றெயிட்டுக்கு வேகம், பிழைத்திருத்தல் என்று இரண்டு நோக்கங்கள். றெயிட் 10இல் டிஸ்க்குகள் சோடி சோடியாக ஒரே டேட்டாவை வைத்திருக்கும், அதுதான் மிரர். றெயிட் 5இல் பிரதிக்குப் பதிலாக, செத்த டிஸ்க்கில் இருந்ததைத் திரும்பக் கணக்கிட உதவும் பரிட்டி எல்லா டிஸ்க்கிலும் பரவியிருக்கும். சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒன்று செக்கனுக்கு நூறு, இருநூறு சிதறிய வாசிப்புகளைத்தான் தாங்கும் என்பதால் அந்தக் காலத்தில் வேகத்துக்காகவே பலர் றெயிட் போட்டார்கள்.

என்விஎம்இயில், அதாவது சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டியைச் சிபியுவோடு நேராக இணைக்கும் முறையில், அந்தக் கணக்கு மாறிவிட்டது. பழைய சாட்டா இணைப்பில் ஓடும் டிஸ்க்குகளுக்கான ஏஎச்சிஐ முறையில் ஒரேயொரு வரிசை, அதில் 32 கட்டளைகள். 2011இல் வந்த என்விஎம்இ தரத்தில் 65,535 வரிசைகள் வரை வைக்கலாம், ஒவ்வொன்றிலும் 65,536 கட்டளைகள் வரை நிற்கலாம். டிஸ்க் நேரடியாகப் பிசிஐஇ தடத்தில் (மதர்போர்டில் கார்டுகளுக்கும் சிபியுவுக்கும் நடுவில் உள்ள பாதை) உட்கார்ந்து சிபியுவோடு பேசுகிறது. பிசிஐஇ 3.0இல் நான்கு தடம் என்றால் செக்கனுக்கு ஏறக்குறைய 3.9 ஜிபி, 4.0இல் 7.9 ஜிபி. உங்கள் அலுவலக நெட்வேர்க் கிகாபிட்தானே? அதில் போகக்கூடியது செக்கனுக்கு 110 எம்பி சொச்சம். ஒரு டிஸ்க்கே அந்த வயரைப் பல மடங்கு நிரப்பிவிடும். அதனால் 25 பேருக்கு வேகம் கொடுப்பதற்காக றெயிட் என்ற பேச்சே இனி இல்லை. மிஞ்சுவது இரண்டாவது நோக்கம் மட்டும்: ஒரு டிஸ்க் செத்தாலும் அடுத்த நாள் காலை அலுவலகம் ஓடவேண்டும்.

இப்போது கார்டுக்கு வருவோம். பழைய றெயிட் கார்ட் மூன்று வேலை செய்தது. மெதுவான டிஸ்க்குக்கு முன்னால் கேஷ் என்ற தற்காலிக நினைவகம் வைத்து வேகத்தைக் காட்டியது. பரிட்டிக் கணக்கைத் தான் போட்டுச் சிபியுவின் சுமையைக் குறைத்தது. கரண்ட் போனால் கேஷில் இருந்ததைப் பேட்டரி கொண்டு காப்பாற்றியது. என்விஎம்இ வந்தபிறகு முதல் வேலை தலைகீழாகிவிட்டது. உதாரணத்துக்கு புரோட்கொமின் மெகாறெயிட் 9560-16ஐ என்ற கார்டை எடுங்கள். டிஸ்க் பக்கம் 16 தடம் இருக்கிறது, நான்கு டிஸ்க்கை முழு அகலத்தில் மாட்டலாம். ஆனால் மதர்போர்ட் பக்கம் 8 தடம்தான். டிஸ்க்குகளுக்கும் சிபியுவுக்கும் நடுவில் நீங்களே காசு கொடுத்து ஓர் ஒடுக்கமான வாசலை வைக்கிறீர்கள். இரண்டாவது வேலையை இன்றைய சிபியு அலட்டாமல் செய்யும். அதுவும் றெயிட் 10இல் பரிட்டியே கிடையாது. மூன்றாவது வேலையை நல்ல டிஸ்க் தானே பார்த்துக்கொள்ளும், அதைக் கீழே சொல்கிறேன்.

கார்ட் வேண்டாம் என்பதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு, கொழும்பில் இருப்பவர்களுக்கு அது முக்கியம். கார்ட் செத்தால் அதே குடும்பத்துக் கார்ட் இன்னொன்று வேண்டும். யூனிட்டி பிளாசாவின் எல்லா மாடியும் ஏறி இறங்கினாலும் அது அன்றைக்கே கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். எம்டிஆடத்தில் போட்ட டிஸ்க்குகளை எந்த லினக்ஸ் கணினியில் மாட்டினாலும் அது அடையாளம் கண்டு எழுப்பிவிடும். சேர்வர் முழுதும் எரிந்துபோனாலும் வரவேற்பு மேசையில் இருக்கும் கணினியில் இரண்டு டிஸ்க்கை மாட்டி டேட்டாவை எடுக்கலாம். எந்த இரண்டு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மதர்போர்டின் பயோஸில் றெயிட் என்று ஒரு தெரிவு இருக்குமே, அதையும் தொடவேண்டாம். ஏஎம்டி போர்டுகளில் வருவது லினக்ஸோடு ஒத்துப்போவது சிரமம். இன்டெல் போர்டுகளில் வரும் விரொக் என்ற றெயிட் பரவாயில்லை. ஆனால் அதற்குத் தனியாக ஒரு சாவி வாங்கவேண்டும், அதையும் லினக்ஸில் ஓட்டுவது அதே எம்டிஆடம்தான். இந்த ஆலோசனை முழுதும் லினக்ஸுக்குத்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே சேர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐ போடப்போகிறீர்கள் என்றால் அதில் சொஃப்ட்வேர் றெயிட் இல்லை, அங்கே கார்ட் வேண்டும். அதே வேலை செய்யும் புரொக்ஸ்மொக்ஸ் என்றால் செட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையின் மிரர் போடுங்கள். எம்டிஆடத்தை அவர்கள் அதிகாரபூர்வமாக ஆதரிப்பதில்லை.

றெயிட் 5 பற்றி. 6 டிபி என்ற எண் கண்ணைப் பறிக்கும், சரி. ஆனால் றெயிட் 5இல் ஒரு சின்னத் துண்டை மாற்றி எழுத நான்கு காரியம் நடக்கிறது: பழைய டேட்டாவை வாசி, பழைய பரிட்டியை வாசி, புது டேட்டாவை எழுது, புதுப் பரிட்டியை எழுது. டேட்டாபேஸ் செய்வதெல்லாம் இப்படிச் சின்னச் சின்ன எழுத்துத்தான். இந்த நான்கில் கடைசி இரண்டுக்கும் நடுவில் கரண்ட் போனால் டேட்டாவும் பரிட்டியும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில மாதம் கழித்து ஒரு டிஸ்க் சாகும்போது அந்தப் பிழையான பரிட்டியை வைத்துக் கணக்குப் போட்டுக் குப்பையை மீட்டுத் தரும். ரைட் ஹோல் என்று சொல்வது இதைத்தான். எம்டிஆடத்தில் இதற்கு பிபிஎல் என்ற தடுப்பு 2017இல் கெர்னல் 4.12உடன் வந்தது. அதைப் போட்டால் எழுதும் வேகம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூடக் குறையலாம். அப்படிப் போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் றெயிட் 5இல் மிச்சம் பிடித்தது என்ன? இரண்டு முறைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு டிஸ்க்கின் கொள்ளளவு. கணக்காய்வு அலுவலகத்தின் எக்செல், பிடிஎஃப் எல்லாம் சேர்ந்து 4 டிபியைத் தொடப் பல வருடம் ஆகும். ஸ்கேன் செய்த பழைய கோப்புகள்தான் இடத்தைத் தின்கின்றன என்றால் அவற்றைச் சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். அவற்றுக்கு என்விஎம்இ வீண்.

சரி, டிஸ்க். உங்கள் கேள்வியில் "2 டிபி என்விஎம்இ" என்று மட்டும் இருந்தது, எந்த வகை என்று இல்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி.

எஸ்எஸ்டி ஒன்றுக்கு எழுதும்போது டேட்டா முதலில் அதன் உள்ளே இருக்கும் டிராம் என்ற தற்காலிக நினைவகத்தில் விழுகிறது; பிறகுதான் நிரந்தரமாகச் சேமிக்கும் நாண்ட் சிப்புக்குப் போகிறது. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு கொமிட்டிலும், அதாவது ஒரு மாற்றத்தை உறுதிசெய்யும்போதும், எஃப்சிங்க் என்று கேட்கும்: "உண்மையிலேயே எழுதிவிட்டாயா?" வீட்டுக் கணினிக்கு விற்கிற டிஸ்க் அந்தக் கேள்வி வந்தால் டிராமில் உள்ளதை நாண்டுக்குத் தள்ளி முடித்துவிட்டுத்தான் "ஆம்" சொல்லவேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். டேட்டா சென்ரருக்கு விற்கிற டிஸ்க்கில் கபாசிட்டர் வரிசை ஒன்று இருக்கும். கரண்ட் போனாலும் டிராமில் இருப்பதை எழுதி முடிக்கும் அளவு மின்சாரம் அதில் தேங்கியிருக்கும். அதனால் டேட்டா டிராமுக்கு வந்தவுடனேயே அது துணிந்து "ஆம்" சொல்லும். பவர் லொஸ் புரொடெக்ஷன், சுருக்கமாகப் பிஎல்பி. பழைய றெயிட் கார்டின் பேட்டரி செய்த வேலையை ஒவ்வொரு டிஸ்க்கும் தனக்குத்தானே செய்துகொள்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இது பாதுகாப்புக்கு மட்டுமான விஷயம் இல்லை, வேகத்துக்கும்தான். பெட்டியில் செக்கனுக்கு 7,000 எம்பி என்று அச்சடித்த டிஸ்க், போஸ்ட்கிரெஸ்ஸோடு வரும் பிஜி டெஸ்ட் எஃப்சிங்க் என்ற கருவியில் செக்கனுக்குச் சில நூறோ ஆயிரமோ எஃப்சிங்க் மட்டும் காட்டித் தலைகுனிவதை நீங்களே ஓட்டிப் பார்க்கலாம். பிஎல்பி உள்ளது பல ஆயிரங்களைச் சாதாரணமாகக் காட்டும். பெட்டியில் இருக்கும் எண் பெரிய கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாக வாசிக்கும்போது வருவது. டேட்டாபேஸுக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

பிஎல்பி இல்லாத டிஸ்க்கில் இன்னொரு ஆபத்தும் உண்டு. டிஎல்சி நாண்டில் ஒரே செல்லில் மூன்று பிட் இருக்கிறது. புதிதாக ஒன்றை எழுதும் பாதியில் மின்சாரம் அறுந்தால் அதே செல்லில் ஏற்கெனவே எழுதி முடித்திருந்த பழைய பிட்டும் கெட்டுப்போகலாம். அதாவது நேற்று ஒழுங்காகச் சேமித்தது இன்றைய மின்வெட்டில் போகலாம். நான்கு டிஸ்க்கும் ஒரே பவர் சப்ளையில்தானே நிற்கின்றன? கரண்ட் அறுந்தால் நான்குக்கும் ஒரே கணத்தில் அறும். இந்த இடத்தில் மிரர் உங்களைக் காப்பாற்றும் என்று எண்ணவேண்டாம்.

கொழும்பில் இதைப் புத்தகக் கதை என்று ஒதுக்க முடியாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தது. அது அட்டவணை போட்ட வெட்டு, ஆயத்தமாக இருக்கலாம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுதும் ஒரேயடியாக இருண்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மோதியதால் என்று அமைச்சரே சொன்னார். குரங்குக்கு அட்டவணை கிடையாது.

ஆகவே வாங்கும்போது சாம்சுங் பிஎம்9ஏ3, மைக்ரோன் 7450 புரோ போன்ற வகைகளைக் கேளுங்கள். பம்பலப்பிட்டிக் கடைகளில் தட்டில் அடுக்கியிருப்பது பெரும்பாலும் வீட்டுக்கான டிஸ்க். இவற்றை ஓர்டர் கொடுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும், அதற்குச் சில கிழமைகள் வையுங்கள். இரண்டு விஷயம் கவனிக்கவேண்டும். இவை 2 டிபி என்று வராது, 1.92 டிபி என்றே வரும். இரண்டாவது, போர்டில் நேராகச் செருகும் சிறு பட்டையான எம்.2 வடிவத்தில் இந்தக் கொள்ளளவு பெரும்பாலும் 110 மில்லிமீற்றர் நீளம். சாதாரண போர்டில் 80 மில்லிமீற்றருக்குத்தான் ஸ்குரூ துளை இருக்கும், அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். சேர்வரில் யூ.2 பே (பெட்டி வடிவ டிஸ்க்கைச் செருகும் இடம்) இருந்தால் யூ.2 வடிவமே நல்லது, ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றி மாற்றலாம். எம்.2 என்றால் சேர்வரை நிறுத்தித்தான் ஆகவேண்டும். ஆயுளிலும் வித்தியாசம் உண்டு: சாம்சுங் 980 புரோ 2 டிபிக்கு வாரண்டி 1,200 டிபி எழுதும் வரை, பிஎம்9ஏ3 1.92 டிபியை ஐந்து வருடம் நாளுக்கு ஒருதரம் முழுதாக எழுதலாம், அது ஏறக்குறைய 3,500 டிபி.

நான்கையும் ஒரே பெட்டியிலிருந்து, அடுத்தடுத்த சீரியல் இலக்கத்தில் வாங்காதீர்கள். "எல்லாம் ஒரே மாதிரி இருந்தால்தான் றெயிட் நல்லா ஓடும்" என்று கடையில் சொல்வார்கள். ஹார்ட் டிஸ்க் காலத்து வார்த்தை அது. எஸ்எஸ்டியின் ஃபேர்ம்வேரில், அதாவது அதன் உள்மென்பொருளில், பிழை ஒன்று வந்தால் ஒரே மாதிரியானவை எல்லாம் ஒன்றாகச் சாகும். 2019 நவம்பரில் சேர்வர் தயாரிக்கும் எச்பிஈ தன் சாஸ் எஸ்எஸ்டிகள் சிலவற்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது: 32,768 மணித்தியாலம், அதாவது 3 வருடம் 270 நாள் 8 மணித்தியாலம் ஓடியதும் டிஸ்க்கும் டேட்டாவும் சேர்ந்து போய்விடும், மீட்கவும் முடியாது. ஒரே நாளில் மாட்டிய நான்கு டிஸ்க் ஒரே மணித்தியாலத்தில் அந்த எண்ணைத் தொடும். றெயிட் என்ன செய்யும்? அவை என்விஎம்இ இல்லைத்தான், ஆனால் பாடம் ஒன்றே. 2023 தொடக்கத்தில் சாம்சுங் 990 புரோவின் ஆரோக்கிய வீதம் மளமளவென்று இறங்கியதும், பிறகு ஃபேர்ம்வேர் கொடுத்துச் சரிசெய்ததும் என்விஎம்இயிலேயே நடந்தது.

எனவே இரண்டு தயாரிப்பாளரிடமிருந்து இரண்டிரண்டாக எடுங்கள். எம்டிஆடம் றெயிட் 10இன் வழக்கமான அமைப்பில் நீங்கள் டிஸ்க்குகளைக் கொடுக்கும் வரிசையில் முதலாவதும் இரண்டாவதும் ஒரு சோடி, மூன்றாவதும் நான்காவதும் ஒரு சோடி. ஆகவே சாம்சுங், மைக்ரோன், சாம்சுங், மைக்ரோன் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஒரு தயாரிப்பாளரின் இரண்டும் ஒன்றாகப் போனாலும் மற்றவருடைய இரண்டில் முழு டேட்டாவும் இருக்கும். மேலே "எந்த இரண்டு" என்றேனே, அதன் பதில் இதுதான். வரிசையைக் கவனிக்காமல் சாம்சுங் இரண்டையும் ஒரே சோடியில் வைத்தால் இரண்டு தயாரிப்பாளரிடம் வாங்கிய பலனே இல்லை.

தடக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். நான்கு டிஸ்க்குக்கு 16 தடம் வேண்டும். மலிவான நான்கு டிஸ்க் அடாப்டர் கார்ட் ஒன்றைப் பெரிய ஸ்லொட்டில் மாட்டலாம். ஆனால் அந்த ஸ்லொட்டை 4, 4, 4, 4 என்று பிரிக்கும் வசதி பயோஸில் இருக்கவேண்டும், இல்லையென்றால் ஒரே டிஸ்க்தான் தெரியும். சிப்செட் வழியாக வரும் எம்.2 ஸ்லொட்டுகளிலும் கவனம்: ஏஎம்டி பி550 போர்டில் சிப்செட் முழுதும் சிபியுவோடு பேசுவது பிசிஐஇ 3.0இன் நான்கு தடத்தில். அதிலேயே சாட்டா, நெட்வேர்க், யூஎஸ்பி எல்லாம் நெருக்கியடிக்கும். கிகாபிட் அலுவலகத்துக்கு அதுவும் போதும்தான், ஆனால் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

நிறுவும் வேலை. ஓஎஸ்ஸை இந்த நான்கிலும் போடாமல் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி இரண்டில் தனி மிரராகப் போடச் சொல்வேன். காரணம், கணினியை எழுப்பும் யூஈஎஃப்ஐ ஃபேர்ம்வேருக்கு எம்டிஆடம் றெயிட் விளங்காது. பூட் செய்யும் சின்னப் பாட்டிஷன் மிரருக்கு வெளியே இருக்கவேண்டும். உபுண்டு இன்ஸ்டோலரில் இரண்டாவது டிஸ்க்கையும் பூட் டிஸ்க்காகச் சேர்க்கும் தெரிவு இருக்கிறது, அதைக் கட்டாயம் கொடுங்கள். இல்லையென்றால் முதல் டிஸ்க் சாகும் நாளில் டேட்டா பத்திரமாக இருக்கும், சேர்வர் எழும்பாது.

பிறகு என்விஎம்இ பக்கம். முதலில் நான்கின் ஃபேர்ம்வேரையும் புதுப்பியுங்கள். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கருவி கொண்டு ஓடிய மணித்தியாலத்தைப் பாருங்கள். புது டிஸ்க்கில் பூச்சியத்துக்குக் கிட்ட இருக்கவேண்டும். செக்டர் அளவு 512ஆ 4096ஆ என்று பாருங்கள், நான்கிலும் ஒன்றாக இருக்கட்டும். மாற்றுவதானால் இப்போதே மாற்றவேண்டும், அந்த ஃபோர்மட் எல்லாவற்றையும் அழித்துவிடும். டிஸ்க்கை முழுதாகக் கொடுக்காமல் ஒவ்வொன்றிலும் 1,900 ஜிபியில் ஒரு பாட்டிஷன் போடுங்கள். நாளைக்கு அவசரத்துக்கு வேறு தயாரிப்பு ஒன்றைத்தான் வாங்க முடிந்தால் அது சில எம்பி சின்னதாக இருந்து எம்டிஆடம் ஏற்க மறுக்கும் தலையிடி வராது.

அறேயை, அதாவது நான்கு டிஸ்க்கும் சேர்ந்த தொகுதியை, உருவாக்கும்போது என்விஎம்இ0, என்விஎம்இ1 என்ற பெயர்களை நம்பாதீர்கள், ரீபூட்டில் இடம் மாறலாம். சீரியல் இலக்கம் உள்ள பை-ஐடி பெயரைக் கொடுங்கள். லெவல் 10, நான்கு டிஸ்க், மேலே சொன்ன வரிசை. சங்க் அளவு (ஒரு டிஸ்க்கில் தொடர்ந்து எழுதும் துண்டு) வழக்கமான 512 கேபியே போதும். பிட்மப் கட்டாயம் இருக்கட்டும், அதை நிறுத்தாதீர்கள். திடீரென்று நின்று எழும்பினால் முழு டிஸ்க்கையும் ஒத்துப்பார்க்காமல் மாறிய இடங்களை மட்டும் பார்க்க அது உதவும். நேரம் மிச்சம் பிடிக்க "அசியூம் கிளீன்" என்று கொடுத்து முதல் ஒத்திசைவைத் தவிர்க்கும் வழி ஒன்று உண்டு, வேண்டாம்.

சோடி டிஸ்க்குகளை ஒரே மாதிரியாக்கும் அந்த முதல் ஒத்திசைவு மெதுவாகப் போவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கெர்னல் தன் பாட்டில் ஒரு டிஸ்க்குக்குச் செக்கனுக்கு 200 எம்பி என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது, ஹார்ட் டிஸ்க்குக்குப் பொருத்தமான எண். அந்த வேகத்தில் 1,900 ஜிபி முடிய இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல். ஸ்பீட் லிமிட் மக்ஸ் என்ற அளவை 1,500 எம்பிக்கு உயர்த்தினால் அரை மணித்தியாலத்துக்குள் முடியலாம். டிஸ்க் ஒன்று செத்து மாற்றும் நாளில் இது பெரிய விஷயம், ஏனென்றால் அந்த நேரம் முழுதும் ஒரு சோடி ஒற்றைக் காலில் நிற்கிறது. வீட்டு டிஸ்க்குகளை வாங்கியிருந்தால் இந்த இடத்தில்தான் அழவேண்டி வரும். வேகமாக எழுத அவற்றில் ஒதுக்கியிருக்கும் எஸ்எல்சி கேஷ் நிரம்பியதும் வேகம் விழுந்துவிடும்.

அறே விவரத்தை எம்டிஆடம் கொன்ஃப் கோப்பில் சேர்த்து, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பியுங்கள். இதை மறந்தால் அடுத்த பூட்டில் எம்டி0 என்று வைத்தது எம்டி127 என்று வந்து நிற்கும். ஒன்றும் உடையவில்லை, ஆனால் அந்த நேரத்தில் நெஞ்சு படபடக்கும்.

அறேக்கு மேலே லக்ஸ் குறியாக்கம் ஒன்றைப் போடச் சொல்வேன். கணக்காய்வு அலுவலகத்தில் இருப்பது வாடிக்கையாளர்களுடைய வருமான விவரம். டிஸ்க் பழுதாகி வாரண்டிக்குத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த விவரமும் சேர்ந்து போகும், செத்த டிஸ்க்கை அழிக்கவும் முடியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. குறியாக்கம் செய்திருந்தால் கவலையில்லாமல் திருப்பிக் கொடுக்கலாம். வேகம் கொஞ்சம் குறையும். கிகாபிட்டில் யாரும் உணரப்போவதில்லை. அதற்கு மேலே எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறை, மவுண்ட் செய்வது யூயூஐடி என்ற மாறாத அடையாளம் கொண்டு. வெற்று இடத்தை டிஸ்க்குக்குச் சொல்லும் டிரிம் கட்டளை லக்ஸ் வழியாகப் போக அனுமதி கொடுத்து, ஒத்திசைவு முடிந்தபிறகு எஃப்எஸ்டிரிம்மை ஒருதரம் கையால் ஓட்டுங்கள். முதல் ஒத்திசைவு டிஸ்க் முழுதும் எழுதுவதால், வெற்று இடம் எது என்பதைச் சொல்லும்வரை டிஸ்க் தன்னை நிரம்பியதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். அப்புறம் கிழமைக்கு ஒருதரம் டைமர் தானாக ஓட்டும்.

எம்டிஆடத்தின் ஒரு குறையையும் சொல்லவேண்டும். சோடியில் இரண்டு பிரதியும் வேறுபட்டால் வேறுபாடு இருப்பது அதற்குத் தெரியும், எது சரி என்று தெரியாது. செட்எஃப்எஸ் செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணை வைத்திருப்பதால் அதற்குத் தெரியும். அந்த ஒரு காரணத்துக்காக அதைத் தேர்ந்தால் நான் சண்டை பிடிக்கமாட்டேன். ராம் கூடக் கேட்கும், படிக்கவும் நிறைய இருக்கிறது. எம்டிஆடத்தோடு போவதானால் போஸ்ட்கிரெஸ்ஸின் சொந்தச் செக்சமையாவது போடுங்கள். பதிப்பு 18இல் அது தானாகவே வருகிறது. அதற்கு முந்தியதில் டேட்டாபேஸை முதலில் உருவாக்கும்போதே கேட்டுவிடுவது இலகு.

யூபிஎஸ். பல அலுவலகங்களில் யூபிஎஸ் இருக்கும், அதிலிருந்து சேர்வருக்குப் போகவேண்டிய யூஎஸ்பி வயர் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். நட் என்ற மென்பொருளைப் போட்டு, பேட்டரி குறைந்தால் சேர்வர் தானே ஒழுங்காக அணைய வையுங்கள். கட்டடத்தில் ஜெனரேட்டர் இருந்தாலும் இது வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அதை யார் ஓட்டுவது? ஈயப் பேட்டரி 25 பாகையில் வைத்து ஆயுள் சொல்லப்படுவது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதி. கொழும்பில் அறையின் ஏசி இரவில் நின்றால் 30 பாகை சாதாரணம். என்விஎம்இக்கும் அதே சூடுதான். அடாப்டர் கார்டில் நெருங்கி நிற்கும் நான்கு டிஸ்க்குக்கு ஹீட்சிங்க்கும் நேராக அடிக்கும் ஒரு ஃபானும் வேண்டும். சூடு கூடினால் டிஸ்க் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், நீங்கள் சொஃப்ட்வேரில் காரணம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கண்காணிப்பு இல்லாத றெயிட்டில் முதல் டிஸ்க் செத்தது யாருக்கும் தெரியாது. சோடி டிஸ்க்கும் செத்தபிறகுதான் தெரியவரும். எம்டிஆடத்தின் மொனிட்டர் தகவல் அனுப்பும் முகவரியை, நீங்கள் உண்மையில் பார்க்கிற முகவரியாகக் கொடுத்து, டெஸ்ட் தகவல் ஒன்றை அனுப்பிக் கைக்கு வருகிறதா என்று பாருங்கள். எம்டிஸ்டாட் கோப்பில் நான்கு யூ (U) எழுத்து இருக்கவேண்டும், ஓர் அடிக்கோடு தெரிந்தால் ஒன்று போய்விட்டது. ஸ்மார்ட்சிடிஎல்லில் மீடியா எரர் எண்ணிக்கை, மிச்ச ஸ்பெயார் வீதம், பாவித்த வீதம் ஆகிய மூன்றும் போதும். மாதத்தின் முதல் ஞாயிறு முழு அறேயையும் வாசித்துச் சரிபார்க்கும் வேலை ஒன்று தானாக ஓடும், அன்றைக்குச் சேர்வர் கொஞ்சம் மூச்சு வாங்கினால் அதுதான்.

றெயிட் பேக்கப் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருவர் டேபிள் ஒன்றை அழித்தால் நான்கு டிஸ்க்கும் ஒன்றாகக் கீழ்ப்படியும். பழைய சேர்வரைத் தூக்கிப் போடாமல் அதில் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் போட்டு, முடிந்தால் வேறு கட்டடத்தில் வைத்து, போஸ்ட்கிரெஸ்ஸின் வால் (WAL) என்ற மாற்றப் பதிவுக் கோப்புகளையும் இரவுப் பிரதியையும் அங்கே அனுப்புங்கள்.

டேட்டாவை ஏற்றுவதற்கு முன் ஒத்திகை ஒன்று பாருங்கள். ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியலின் கடைசி நான்கு இலக்கத்தையும் துண்டுக் காகிதத்தில் எழுதி அந்தந்த ஸ்லொட்டுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். எம்.2 ஸ்லொட்டுக்கு விளக்கு கிடையாது. எது செத்தது என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சேர்வரை நிறுத்தி ஒன்றைக் கழற்றுங்கள். எழுப்புங்கள், அறே வருகிறதா, உங்கள் ஃபோனுக்குத் தகவல் வருகிறதா என்று பாருங்கள். திரும்ப மாட்டி, அறேயில் சேர்த்து, எவ்வளவு நேரத்தில் முடிகிறது என்று குறித்துவையுங்கள். இவ்வளவையும் ஒரு சனிக்கிழமை பின்னேரத்தில் முடிக்கலாம்.

கடைக்காரர் தந்த விலைப் பட்டியலில் மதர்போர்டின் மொடல் இலக்கம் இருந்தால் அனுப்புங்கள் தம்பி. ஸ்லொட் எப்படிப் பிரியும், 110 மில்லிமீற்றர் டிஸ்க் உட்காருமா என்று பார்த்துச் சொல்கிறேன். அதற்குமுன் முற்பணம் கொடுத்துவிடாதீர்கள்.